எட்டு நிமிடங்கள்



தொழுகை என்பது நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று அந்நிஸா அத்தியாயம் நமக்கு அறிவிக்கின்றது. அந்த நேரத்தை இன்று கைப்பேசி சொல்லிவிடுகின்றது. நாம் நிற்கும் இடத்தைத் தானே கண்டறிந்து, தானே கணக்கிட்டு, தானே பாங்கும் சொல்கின்றது. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் நிலைமை இவ்வாறு இல்லை. ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், ஆலங்காயத்தை ஒட்டிய எங்கள் சிற்றூரில், பள்ளிவாசல் சுவரில் தொங்கிய அட்டை சொன்னதே நேரம். அந்த அட்டைக்கு மாற்றாக எங்கள் கணினி மன்றம் ஒரு சிறு மென்பொருளை வெளியிட்டது. அந்த வெளியீட்டுக் கூட்டத்தைக் குறித்தும், அது எங்களை மலையேறச் செய்ததைக் குறித்தும் எழுதும்படி இளைஞர்கள் பலமுறை கேட்டுவிட்டனர். ரமளானுக்கு முன்னர் எழுதுவது பொருத்தம் எனக் கருதி இதை எழுதுகின்றோம்.

மன்றம் என்றவுடன் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். மக்தப் மதரஸாவின் மாடியறை ஒன்று; தோல் வணிகம் செய்யும் ஒரு பெரியவர் நன்கொடையாக வாங்கித் தந்த கணினி ஒன்று; ஓசையிட்டுக்கொண்டே அச்சடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறி ஒன்று. ஞாயிறுதோறும் அஸருக்குப் பின்னர் பதினைந்து இருபது பேர் கூடுவோம். வாணியம்பாடிக் கல்லூரிகளில் படித்துக்கொண்டிருந்த மாணவர்களே பெரும்பாலோர். மாணவிகள் சிலர் தம் தாயாருடன் வருவர். மின்சாரம் இருந்தால் கணினி, இல்லாவிட்டால் கரும்பலகை.

எங்கள் ஊரின் சிக்கல் இது. ரமளானில் வீட்டில் இருப்பவர்கள் பள்ளிவாசல் பாங்கைக் கேட்டு நோன்பு திறப்பார்கள். ஆனால் எங்கள் ஊரார் பலருக்கு வியாபாரம் மலைமேல்தான். சாமை, புளி, தேன், பலா, கடுக்காய் ஆகியவற்றைக் கொள்முதல் செய்யப் புதூர்நாட்டுப் பக்கமும் ஜமுனாமரத்தூர்ப் பக்கமும் ஏறுவார்கள். சிலர் அங்கேயே கடையும் வைத்திருந்தனர். அங்கே பாங்கு கேட்காது. டிரான்சிஸ்டர் வானொலிதான் துணை. அதில் ஒலிக்கும் நோன்பு திறக்கும் நேரமோ சென்னைக்குரியது. சென்னைக்குரியது என்று சொல்லித்தான் ஒலிபரப்பினார்கள். கேட்பவர்தான் அதைத் தமக்கும் உரியதாக எடுத்துக்கொண்டார்.

சூரியன் கிழக்கிலிருந்து மேற்காகச் செல்வதால், கிழக்கே இருக்கும் ஊரில் முன்னதாக மறையும். ஒரு பாகை தீர்க்கரேகைக்கு நான்கு நிமிட வேறுபாடு. சென்னை ஏறத்தாழ 80.3 பாகையில் இருக்கின்றது. எங்கள் மலைப்பகுதி 78.7 பாகையில் இருக்கின்றது. ஆகவே சென்னையில் சூரியன் மறைந்து ஆறு நிமிடத்திற்குப் பின்னரே எங்களுக்கு மறையும். அட்டைகளில் பேணுதலுக்காக ஓரிரு நிமிடம் கூட்டிப் போடுவது வழக்கம்தான். எனினும் அந்த ஓரிரு நிமிடம் ஆறு நிமிடத்தை நிரப்பாது.

இதை முதலில் எடுத்துச் சொன்னவர் பி.எஸ்ஸி. கணிதம் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி. அவருடைய தாய்மாமன் பதினைந்து ஆண்டுகளாக மலைமேல் கடை வைத்திருந்தவர். "மாமா ரேடியோவைக் கேட்டு நோன்பு திறக்கிறார். அந்த நேரத்தில் நம் ஊரில் இன்னும் வெயில் இருக்கிறதே!" என்று அவர் கேட்டபோது மாடியறையில் எவரும் பேசவில்லை. அன்றுதான் மென்பொருள் எழுதுவது என்று முடிவாயிற்று.

கணக்கு புதியதன்று. சூரியன் நிலநடுக்கோட்டுக்கு எவ்வளவு வடக்கே, எவ்வளவு தெற்கே நிற்கின்றது என்பதும், ஊரின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால் கோள முக்கோணவியல் மீதியைச் சொல்லிவிடும். கடிகார நண்பகலும் சூரிய நண்பகலும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்திய நேரம் 82.5 பாகையைக் கொண்டு அமைந்தது. ஆகவே எங்கள் பகுதியில் சூரியன் உச்சியைக் கடப்பது சராசரியாக 12.15 மணிக்கு. ஆனால் நவம்பர் தொடக்கத்தில் 11.58க்கே கடந்துவிடும், பிப்ரவரி நடுவில் 12.29 ஆகிவிடும். பூமியின் பாதை சரியான வட்டமாக இல்லாமையும், அதன் அச்சு சாய்ந்திருப்பதுமே இதற்குக் காரணம். லுஹர் நேரம் ஆண்டு முழுவதும் ஒன்றே என்று எண்ணியிருந்த எங்களுள் பலர் இதைக் கேட்டு வியந்தோம்.

ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையை எங்கே தேடுவது என்ற கேள்வி எழுந்தது. அதற்கு எங்கள் மலையே விடை வைத்திருந்தது. காவலூர் வான் ஆய்வகம் இருப்பது இம்மலையில்தான். 1968 முதல் அங்கே தொலைநோக்கிகள் இயங்குகின்றன. 2.34 மீட்டர் ஆடி கொண்ட பெரிய தொலைநோக்கிக்கு 1986 ஜனவரி 6 அன்று வைணு பாப்பு பெயர் சூட்டப்பட்டது. இராமானுஜனின் பெயரைத் தாங்கிய சிறுகோள் 1988இல் கண்டுபிடிக்கப்பட்டதும் அங்கேதான். அந்த ஆய்வகத்தின் இடம் நூல்களில் அச்சாகியிருந்தது: வடக்கு 12 பாகை 34 கலை, கிழக்கு 78 பாகை 50 கலை. அங்கிருந்து வரைபடத்தில் அளவுகோல் வைத்து எங்கள் ஊரையும் மலையூர்களையும் குறித்தோம்.

அஸருக்கு இரண்டு நேரம் வைக்க வேண்டியிருந்தது. எங்கள் வட்டாரத்தில் ஹனஃபிகள் மிகுதி, ஷாஃபிகளும் உண்டு. நண்பகல் நிழலை நீக்கிய பின்னர், பொருளின் நிழல் அதன் உயரத்திற்குச் சமமாகும்போது ஒருவருக்கு அஸர். இரண்டு மடங்காகும்போது மற்றவருக்கு அஸர். ஃபஜ்ருக்கும் இஷாவுக்கும் சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை என்ற அளவை எடுத்துக்கொண்டோம்.

நிரலை விஷுவல் பேசிக்கில் எழுதியவர் கணினி அறிவியல் படித்த ஒரு மாணவர். அந்தக் காலத்து விஷுவல் பேசிக் தன் படிவங்களில் ஒருங்குறித் தமிழைக் காட்டாது, கேள்விக்குறிகளாகவே காட்டும். ஆகவே கணக்கு முடிந்ததும் அட்டவணையை ஒரு வலைப்பக்கமாக எழுதும்படி அவர் அமைத்தார். அதை இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் திறந்தால் அழகிய தமிழ் தோன்றும். அந்தத் தமிழ் வந்த வழியைப் பின்னர் சொல்கின்றோம்.

2005 செப்டம்பர், ஷஅபான் மாதத்து ஞாயிறு ஒன்றில் வெளியீட்டுக் கூட்டம். மாடியறை போதாது என்று மதரஸாவின் கீழ்க்கூடத்தில் பாய் விரித்தோம். முத்தவல்லி வந்திருந்தார். பள்ளியின் இமாம் ஹஜ்ரத் அவர்கள் தலைமை. மலைக் கடைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்தனர். அம்மாணவியின் மாமாவும் அவர்களுள் ஒருவர். தேநீரும் சமோசாவும் வந்தன. கிராஅத்துக்குப் பின்னர் மாணவர் கணினியை இயக்கி, ஊரின் பெயரைத் தேர்ந்து பொத்தானை அழுத்தினார். முப்பது நாட்களின் அட்டவணை திரையில் விரிந்தது. அச்சுப்பொறி தன் ஓசையைத் தொடங்கியதும் பின்னால் இருந்த சிறுவர்கள் எழுந்து நின்றுவிட்டனர்.

ஹஜ்ரத் அவர்கள் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார்கள். பிறகு, "தம்பி, இது சொல்வது சரி என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார்கள்.

மாணவர் கோணங்களை விளக்கினார். ஹஜ்ரத் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கணக்கை நான் மறுக்கவில்லை. சூரியனும் சந்திரனும் கணக்கின்படியே ஓடுகின்றன என்று அர்ரஹ்மான் ஸூராவே சொல்கிறது. ஆனால் ஷரீஅத் நம்மைக் கணக்கைப் பார்த்து நோன்பு திறக்கச் சொல்லவில்லை. சூரியன் மறைந்தால் திறக்கச் சொல்கிறது. கணக்கும் கண்ணும் ஒன்றாகச் சேர்ந்தால் நான் இதைச் சுவரில் மாட்டுகிறேன்" என்றார்கள்.

அப்போது ஒரு பெரியவர் திரையைச் சுட்டி, "அது என்ன, உயரம் என்று ஒரு கட்டம் இருக்கிறதே? நேரத்துக்கும் உயரத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். சிலர் சிரித்தனர். அந்தக் கட்டத்தை வைக்கும்படி வற்புறுத்தியவர் அம்மாணவிதான். உயரத்தில் நிற்பவனுக்கு அடிவானம் தாழ்ந்து தெரியும். ஆகவே சூரியன் தாமதமாக மறையும் என்று அவர் தாயாரின் பக்கத்தில் இருந்தபடியே விளக்கினார். கூட்டம் நம்பியும் நம்பாமலும் இருந்தது. ஹஜ்ரத் மட்டும் தலையசைத்து, "அடுத்த ஞாயிறு மலைக்குப் போவோம்" என்றார்கள்.

விலை குறித்தும் அன்று பேச்சு எழுந்தது. ஒரு குறுந்தகட்டுக்கு நூறு ரூபாய் வைத்துப் பள்ளிவாசல்களுக்கு விற்றால் மன்றத்துக்கு இன்னொரு கணினி வாங்கலாம் என்றார் ஒருவர். கெட்ட யோசனை அன்று. உழைப்புக்குக் கூலி பெறுவது ஹலால். மென்பொருளை விற்பதா, பகிர்வதா என்னும் கேள்வி கணினி மன்றங்களோடு உடன்பிறந்தது. 1975இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஹோம்புரூ கணினி மன்றத்தில் பேசிக் மென்பொருளின் படிகள் கைக்குக் கை மாறியதும், மறு ஆண்டே பில் கேட்ஸ் அதைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதம் எழுதியதும் கணினி உலகம் அறிந்த செய்திகள்.

நிரல் எழுதிய மாணவர் எழுந்து சொன்ன பதில் எங்கள் நினைவில் அப்படியே இருக்கின்றது. "இந்தத் தமிழ் எழுத்தை நான் காசு கொடுத்து வாங்கவில்லை. அதிராம்பட்டினத்து உமர்தம்பி காக்கா சும்மா கொடுத்தது. அவர் கொடுத்ததை வைத்துக்கொண்டு நான் எப்படி விலை சொல்வது?"

உமர்தம்பி அவர்களை அறியாத இளைஞர்களுக்காகச் சில சொற்கள். தஞ்சை மாவட்டம் அதிராம்பட்டினத்தைச் சேர்ந்தவர். வளைகுடாவில் பணிபுரிந்தவர். இணையத்தில் தமிழ் எழுத்துக்கள் ஆளுக்கொரு குறியீட்டில் சிதறிக் கிடந்த நாட்களில், ஒருங்குறிக்கு உரிய 'தேனீ' எழுத்துருவை உருவாக்கி இலவசமாக வழங்கினார். ஆங்கில விசைகளில் ஒலியைத் தட்டினால் தமிழ் எழுத்து வரும் எழுதியையும் வழங்கினார். பழைய கணினிகளில் தமிழ்ப் பக்கங்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலத்தில், பக்கத்தோடு கூடவே வந்து சேரும் இயங்கு எழுத்துருவாகவும் தேனீ பலருக்குக் கைகொடுத்தது. எங்கள் கூட்டம் நடந்த மறு ஆண்டு, 2006 ஜூலையில், அவர் இறையடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். மனிதன் இறந்த பின்னரும் நன்மை வந்துகொண்டிருக்கும் மூன்று வழிகளுள் பயன்தரும் கல்வியும் ஒன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். ஜவ்வாது மலைப் பள்ளிவாசல் ஒன்றின் சுவரில் தம் எழுத்து தொங்கியது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தெரிய வேண்டியவனுக்குத் தெரியும்.

விலை வைப்பதில்லை என்று கூட்டம் முடிவு செய்தது.

அடுத்த ஞாயிறு ஒரு வேனில் பன்னிரண்டு பேர் புதூர்நாட்டுப் பக்கம் ஏறினோம். மலையின் மேற்கு விளிம்பில், திருப்பத்தூர்ச் சமவெளி காலடியில் விரிந்து கிடக்கும் ஓரிடத்தில் நின்றோம். செப்டம்பர் கடைசி வாரம் ஆதலால் சூரியன் ஏறத்தாழ நேர் மேற்கே இறங்கியது. வானொலி மணியொலிக்குச் சரிசெய்த கைக்கடிகாரங்கள் நான்கு இருந்தன. அன்றைய கணக்கு இது: சென்னையில் 6.04, இதே இடம் சமவெளியாக இருந்தால் 6.10; உயரத்தைச் சேர்த்தால் 6.12.

6.04 ஆயிற்று. அம்மாணவியின் மாமா டிரான்சிஸ்டரைக் கையில் வைத்திருந்தார். சூரியன் அடிவானத்துக்கு மேலே முழுதாக நின்றது. 6.10 ஆயிற்று. கீழே சமவெளியின் ஊர்களில் நிழல் படர்ந்து விளக்குகள் எரியத் தொடங்கின. எங்களுக்கோ, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குன்றுகளின் மேலே சிவந்த ஒரு விளிம்பு இன்னும் தெரிந்தது. 6.12ஐ நெருங்கும்போது அதுவும் மறைந்தது. ஹஜ்ரத் அவர்கள் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். நாங்கள் அந்தப் பாறைமேலேயே மஃரிபைத் தொழுதோம்.

தொழுது முடித்ததும் மாமா ஹஜ்ரத்தின் அருகில் வந்து அமர்ந்தார். "என் கடை பள்ளத்தில் இருக்கிறது ஹஜ்ரத். மேற்கே மலை. ஐந்தே முக்காலுக்கெல்லாம் வெயில் போய்விடும். ரேடியோவும் சொல்லும். மறைந்துவிட்டது என்றுதான் திறந்தேன். பதினைந்து வருடம்..." அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.

ஹஜ்ரத் அவர்கள் அவருடைய கையைப் பற்றிக்கொண்டார்கள். நபியவர்களின் காலத்திலும் மேகமூட்டமான ஒரு நாளில் மறைந்துவிட்டதென்று நோன்பு திறந்த பின்னர் சூரியன் வெளிப்பட்டது என்று அஸ்மா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியை எடுத்துச் சொன்னார்கள். "சஹாபாக்களுக்கே நேர்ந்திருக்கிறது பாய். உங்கள் எண்ணத்தை அல்லாஹ் அறிவான். களா குறித்துத் தனியே பேசுவோம். இப்போது கஞ்சி குடியுங்கள்" என்றார்கள். அந்தச் சட்டத்தில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தீர்ப்பு எழுதுவது எங்கள் வேலையன்று. ஹஜ்ரத்திடம் தனியே பேசிய பின்னர், மாமா திங்களும் வியாழனும் விடாமல் நோன்பு நோற்றார் என்பதை மட்டும் எழுதுகின்றோம். எத்தனை ஆண்டுகள் நோற்றார் என்று எவரிடமும் அவர் சொன்னதில்லை.

பள்ளத்தில் இருப்பவருக்கும் விளிம்பில் நிற்பவருக்கும் உள்ள வேறுபாட்டை அன்று ஹஜ்ரத் எளிமையாக விளக்கினார்கள். மலை மறைப்பது மறைவன்று. சூரியன் மலைக்குப் பின்னால் இன்னும் இருக்கின்றது. ஆகவே பள்ளத்தில் இருப்பவர் கணக்கிட்ட நேரத்தை நம்ப வேண்டும். விளிம்பில் நிற்பவருக்குக் கீழூர்ப் பாங்கு கேட்டாலும், தம் கண்ணெதிரே சூரியன் இருக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

உயரத்தால் அடிவானம் தாழும் இந்த அளவைக் கொண்டுதான் அல்பிரூனி பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார் என்பதைப் பின்னர் படித்து அறிந்தோம். பதினோராம் நூற்றாண்டில், இன்று பாகிஸ்தானில் இருக்கும் நந்தனா கோட்டையருகே ஒரு மலைமேல் நின்று, அடிவானம் 34 கலை தாழ்ந்திருப்பதை அவர் அளந்தார். கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. சமவெளியிலிருந்து நானூறு மீட்டர் உயர்ந்த இடத்துக்கு எங்கள் மாணவி கணக்கிட்ட தாழ்வும் ஏறத்தாழ அதே அளவுதான். பதினான்காம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் உமய்யா பள்ளிவாசலில் நேரம் கணிக்கும் பணியில் இருந்த இப்னு ஷாதிர் பெரும் வானியலாளர். பள்ளிவாசலுக்கென்று நேரக் கணிப்பாளரை நியமித்த சமுதாயம் நம்முடையது. மதரஸா மாடியில் எங்கள் பிள்ளைகள் செய்தது அப்பழைய பணியின் ஒரு சிறு துளி.

2011 ரமளானில் துபாயிலிருந்து ஒரு செய்தி வந்தது. புர்ஜ் கலீஃபாவின் 80ஆம் மாடிக்கு மேலே வசிப்போர் இரண்டு நிமிடமும், 150ஆம் மாடிக்கு மேலே இருப்போர் மூன்று நிமிடமும் தாமதித்து நோன்பு திறக்க வேண்டும் என்று அங்குள்ள மார்க்க அறிஞர்கள் அறிவித்தனர். செய்தியைக் கண்டதும் ஹஜ்ரத் அவர்கள் அம்மாணவிக்குத் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னார்கள். அப்போது அவர் கணித ஆசிரியையாக இருந்தார்.

அம்மென்பொருள் இன்று இயங்குவதில்லை. அதை ஓட்டிய கணினி என்றோ பழுதாகிவிட்டது. அதன் தேவையும் கைப்பேசியால் தீர்ந்துவிட்டது போலத் தோன்றும். ஆயினும் நம் சகோதரர்களுக்குச் சில செய்திகளை நினைவூட்ட விரும்புகின்றோம். பல செயலிகள் ஊரின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மட்டுமே கணக்கில் கொள்கின்றன, உயரத்தைக் கொள்வதில்லை. இருப்பிடத்தைக் கண்டறியும் வசதி அணைந்திருந்தால், செயலி முன்னர் குறித்துவைத்த நகரத்தின் நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கக்கூடும். அஸருக்கு எந்த மத்ஹபின் நேரம் தேர்வாகியிருக்கின்றது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மலைமேல் கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காத இடங்களுக்குச் செல்வோர் அந்தந்த ஊருக்குரிய அட்டவணையை அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். வானம் தெளிவாக இருக்கும் மாலைகளில் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துச் சென்று, சூரியன் மறைவதைக் காட்டி, கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பழக்குங்கள்.

சூரியன் மறைந்ததும் தாமதிக்காமல் நோன்பு திறப்பது சுன்னத். மறையும்வரை பொறுத்திருப்பது கடமை. இரண்டுக்கும் நடுவே சில நிமிடங்களே இருக்கின்றன. அந்தச் சில நிமிடங்களுக்காக ஒரு மாணவி கேள்வி கேட்டார். ஒரு மாணவர் இரவெல்லாம் நிரல் எழுதினார். தாம் அறியாத ஊர்களுக்கும் ஒருவர் எழுத்தை இலவசமாகக் கொடுத்துச் சென்றார். முதிய இமாம் ஒருவர் மலையேறிக் கண்ணால் கண்ட பின்னரே தாளைச் சுவரில் மாட்டினார். அவர்கள் அனைவரின் உழைப்பையும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. மலைமேல் தனித்திருந்து நோன்பு நோற்ற நம் வியாபாரிகளின் நோன்புகளையும், குறைகளை மன்னித்து, ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.